பெங்காலான் வெல்ட்: இந்த வெல்ட் யார்? ‘நம்மை இங்கே கொண்டுவந்த கவர்னர்’ என்று இவரைச் சொல்வது சரியா?

கரையோரன் (பட்டர்வொர்த்) எழுதிய கேள்வி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, கடலுக்கு அக்கரையில் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் வேலை பார்ப்பவன். ஃபெரியை விட்டு இறங்கி வெளியே வந்தால் முதலில் எதிர்ப்படும் சாலை பெங்காலான் வெல்ட். நம் பெரியவர்கள் இன்றும் ‘வெல்ட் குவே’ என்றுதான் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளாக அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போய்க்கொண்டிருந்தும், அது யாருடைய பெயர் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய நகரத்தைச் சுற்றித் தமிழில் ஒரு நடை நடத்துகிறோம். சென்ற மாதம் ஃபெரி முனையத்தருகே கூடி நின்றபோது, இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி, “வெல்ட் என்பது யார், அண்ணா?” என்று கேட்டாள். எங்கோ அரைகுறையாகப் படித்த நினைவில், “அவர் ஒரு கவர்னர், நம் ஆட்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான், 1880களில்” என்று சொல்லிவிட்டேன். கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் சற்றும் தாமதிக்காமல், “அப்படியானால் 1833இல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைக் கட்டியது யார், தம்பி?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன், ஆனால் அன்று முழுவதும் அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை.

வெல்டின் வாழ்க்கையையும், அவர் பதவி வகித்த இடங்களையும் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தமிழர் வருகைக்கும் அவருக்கும் உள்ள உண்மையான தொடர்பு எவ்வளவு என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய கோப்பு (கோலாலம்பூர்) எழுதிய மறுமொழி

தம்பி, முதலில் அவருடைய வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேள்விக்கு இந்தக் குழுவிலேயே என்னைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவர் இருக்கிறார்.

ஃபிரெடரிக் அலோசியஸ் வெல்ட் 1823 மே 9 அன்று, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் சிடிக் என்னும் ஊரில் நிலபுலன் உள்ள பழைய கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். மூத்த மகன் அல்லர் என்பதால் குடும்பச் சொத்து அவருக்கு வருவதற்கில்லை. ஸ்டோனிஹர்ஸ்ட் என்னும் இயேசு சபைப் பள்ளியிலும், பிறகு சுவிட்சர்லாந்தின் ஃபிரிபர்க் நகரிலும் படித்துவிட்டு, இருபது வயதில் கப்பலேறி 1844இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் இறங்கினார். அங்கே உறவினர் சார்ல்ஸ் கிளிஃபர்டுடன் கூட்டுச் சேர்ந்து ஆடு வளர்த்தார். கம்பளிக்காக ஆயிரக்கணக்கில் செம்மறிகளை மேய்க்கும் பெருந்தொழில் அது. 1851இல், நியூசிலாந்துக்கு வந்து ஆடு வளர்க்க நினைப்பவர்களுக்கு அறிவுரையாக ஒரு சிறு நூலும் எழுதினார். பின்னாளில் கவர்னராகி மாளிகையில் வாழ்ந்தபோதும், நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்ப்பதைவிடக் குதிரையிலேறி இடத்தை நேரில் பார்ப்பதே அவருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பழக்கம் மேய்ச்சல் நிலத்தில் வந்தது என்பது என் எண்ணம்.

1864 நவம்பரில் அவர் நியூசிலாந்தின் தலைமை அமைச்சரானார். அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்களுடன் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரிட்டிஷ் படைகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குடியேறியவர்கள் தங்கள் போரைத் தங்கள் செலவிலேயே நடத்திக்கொள்ள வேண்டும், தங்கள் காரியத்தைத் தாங்களே தீர்மானிக்கவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தலைநகரம் ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்கு மாறியது அவர் ஆட்சியில்தான். போரில் எதிர்த்தார்கள் என்று காரணம் காட்டி, வைகாட்டோ பகுதியில் மவோரி மக்களின் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பறிமுதல் செய்யும் அறிவிப்பு வந்ததும் அப்போதுதான். அந்த ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை; 1865 அக்டோபரில் பதவி விலகினார்.

1869 முதல் 1875 வரை மேற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னர். முந்தைய ஆண்டுதான் அங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்குவது நின்றிருந்தது. அவர் காலத்தில் தந்திக் கம்பிகள் போடப்பட்டன. உறுப்பினர் சிலரை மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் 1870இல் வந்தது. 1871இல் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே அவருக்குப் பெரும் எதிர்ப்பைத் தேடித்தந்தது ஒரு வழக்கு. 1872இல் லாக்கியர் பர்ஜஸ் என்னும் செல்வாக்குள்ள குடியேறி, பழங்குடி மனிதர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். நீதிபதி லாண்டர் அந்தக் குற்றத்தைச் சிறியதாக்கிக் காட்ட முயன்றபோது, வெல்ட் அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார். பர்ஜஸுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வெள்ளையர் சமூகம் கொதித்தது. லண்டன் அந்த நீதிபதியை மீண்டும் பதவியில் அமர்த்தியதோடு பர்ஜஸின் தண்டனையையும் குறைத்தது. இந்த ஒரு விஷயத்தில் வெல்ட் தன் இனத்தாரின் பகையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று நான் கருதுகிறேன்.

அடுத்து டாஸ்மேனியா, 1875 முதல் 1880 வரை. அங்கே அமைச்சரவை ஆட்சி நடந்ததால் கவர்னருக்குக் கையெழுத்திடுவதைத் தவிர அதிக வேலை இல்லை. அவரைப் போன்றவருக்கு அது முளையில் கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்திருக்கும்.

1880 மே மாதத்தில் சிங்கப்பூருக்கு வந்து நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னரானார். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அவருடைய நேரடிப் பொறுப்பு. மலாய் மாநிலங்களில் பிரிட்டன் அமர்த்தியிருந்த ரெசிடென்டுகள் என்னும் ஆலோசகர்களும் அவருக்கே கட்டுப்பட்டவர்கள். 1875இல் பேராக்கின் முதல் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்ட பிறகு, ரெசிடென்டுகள் சுல்தான்களுக்கு ஆலோசனை மட்டுமே சொல்ல வேண்டும், ஆளக்கூடாது என்று லண்டன் திரும்பத் திரும்பக் கூறி வந்தது. நடைமுறையில் அவர்கள் ஆண்டுகொண்டுதான் இருந்தார்கள். வெல்ட் அதை மறைத்துப் பேசவில்லை. அதுவே சரி என்று வெளிப்படையாக வாதிட்டார். 1882இல் ஃபிராங்க் சுவெட்டன்ஹாமைச் சிலாங்கூரின் ரெசிடென்டாக அமர்த்தினார். நெகிரி செம்பிலானின் சிறு மாநிலங்களை ஒவ்வொன்றாக உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தார். ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கார் சுல்தான் என்று பிரிட்டனால் ஏற்கப்பட்டது 1885இல். பகாங்குக்கு, இருபது வயதே நிரம்பிய தன் உறவினர் ஹியூ கிளிஃபர்டை 1887இல் அனுப்பி வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பகாங் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே மாதத்தில் வெல்டின் பதவிக்காலமும் முடிந்தது. அந்த இளைஞர் கிளிஃபர்டு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1927இல், அதே கவர்னர் பதவிக்கு வந்தார்.

ஆசியர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளக் கற்பார்களா என்பது ஐயமே, அவர்கள் விரும்புவது கனிவும் நீதியும் உறுதியும் உள்ள தனியாட்சியைத்தான் என்ற கருத்தை எழுதி வைத்தவரும் இவரே. நியூசிலாந்தில் வெள்ளையரின் சுயாட்சிக்காக முழங்கிய அதே மனிதர்! இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இவரை விளங்கிக்கொள்ள முடியும்.

1891 ஜூலையில், பிறந்த ஊரான சிடிக்கிலேயே இறந்தார். பிள்ளைகள் பதின்மூன்று பேர். இங்கே கோலாலம்பூரில் வெல்ட் ரோடு என்று இருந்தது இப்போது ஜாலான் ராஜா சூலான் ஆகிவிட்டது. உங்கள் பக்கம்தான் அவர் பெயர் இன்னும் சாலையில் நிற்கிறது.

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதிய மறுமொழி

கரையோரன் தம்பிக்கு, உங்களைக் கேள்வி கேட்ட பெரியவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றிய சில ஆண்டுகளிலேயே சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும் படகோட்டிகளும் கரையில் தங்கிவிட்டார்கள். சூலியா ஸ்திரீட் என்ற பெயரே அதற்குச் சாட்சி. சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் இந்தியாவிலிருந்து கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நீங்கள் குடியிருக்கும் செபராங் பிறையிலேயே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் கரும்பு வெட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். உங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த பட்டர்வொர்த்தும் ஒரு கவர்னர்தான். அவர் பதவிக்கு வந்தது 1843இல், வெல்ட் நியூசிலாந்தில் கரையிறங்குவதற்கு முந்தைய ஆண்டு. ஆகவே ‘கொண்டுவந்தவர்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

வெல்டுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1867 ஏப்ரல் 1 வரைக்கும் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கீழ் இருந்தன. அன்றிலிருந்து அவை லண்டனின் குடியேற்ற அலுவலகத்தின் கைக்கு மாறின. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரும் கூலி, அதற்கு முன் ஒரே அரசின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் போகிறவன். அதற்குப் பின் சட்டப்படி வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறவன். இந்திய அரசு தன் குடிபெயர்வுச் சட்டங்களைக் காட்டித் தடைகளும் நிபந்தனைகளும் விதித்தது. ஆள் போதவில்லை என்று தோட்ட முதலாளிகள் புலம்பினார்கள். அந்தக் கட்டுகளைத் தளர்த்த ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1884இல் இங்கே இந்தியக் குடியேற்றச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டதும் அந்தத் தொடரில்தான்.

முதலாளிகள் ஆள் கேட்டது கூலிக்காக. வெல்டின் காரணம் வேறு. பதவியை விட்டுப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1887 செப்டம்பரில், லண்டனுக்கு அவர் எழுதிய கடிதமொன்று வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இங்கே சீனர்கள் மற்ற எல்லா இனத்தாரையும்விட மிகுதியாகிவிட்டார்கள், இந்தியரும் பிறரும் வந்து சேர்ந்தால்தான் அது சமன்படும், அரசியல் காரணங்களுக்காகவே தான் இதை விரும்புவதாக அதில் சொல்கிறார். இந்தியர்கள் அமைதியானவர்கள், எளிதில் ஆளக்கூடியவர்கள் என்பதும் அவருடைய மதிப்பீடுதான். முதலில் படித்தபோது இதைப் பாராட்டு என்று நினைத்தேன். தராசில் ஒரு தட்டு தாழ்ந்திருந்தது, மறு தட்டில் போட எடைக்கல் தேவைப்பட்டது, நாம் அந்தக் கல் என்பது இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது.

அக்காலத்தில் வந்தவர்களில் பலர் சஞ்சிக்கூலிகள். கப்பல் செலவை முதலாளி கொடுத்திருப்பான். அந்தக் கடனைக் கழிக்கும்வரை, ஒப்பந்தக் காலம் முழுவதும், தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஓடிப்போனால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அவர்கள் இறங்கிய காலத்தில் ரப்பர் தோட்டம் என்ற ஒன்றே இங்கு இல்லை, கரும்பும் காப்பியும்தான். கோலகங்சாரில் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ நட்டு வளர்த்த ரப்பர் மரங்களை அப்போது யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பால்மரக் காட்டுக்குக் கூட்டம் கூட்டமாக நம்மவர் வந்தது வெல்ட் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, கங்காணிகள் மூலமாக. அந்த வருகையோடு ஒரு கவர்னரின் பெயரைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டுமென்றால், 1904 முதல் 1911 வரை பதவியிலிருந்த சர் ஜான் ஆண்டர்சனைச் சொல்லலாம். தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் தொழிலாளருக்கு இலவசப் பயணம் தரும் தமிழர் குடியேற்ற நிதி 1907இல் தொடங்கியது அவர் காலத்தில்தான். 1910இல் சஞ்சிக்கூலி முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். என் தாத்தா கங்காணியோடு வந்தவர், கப்பலுக்குக் காசு கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் காசு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தைப்பிங் தண்டவாளம் எழுதிய மறுமொழி

எங்கள் ஊர்க் கதையை யாரும் சொல்லவில்லையே! மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் போடப்பட்டது. 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ எட்டு மைல். லாருட் வட்டாரத்து வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைப்பிரிவினர். ரயிலுக்கும் இலங்கைக்கும் உள்ள அந்த உறவு பிறகு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களுமாக வளர்ந்தது; நானும் அந்த வழியில் வந்த குடும்பம்தான்.

ஒரு வேடிக்கை உண்டு. வெல்டின் பெயரைச் சூட்டிய ஊருக்கு முதல் ரயில் ஓடிய அன்று வெல்ட் இந்த நாட்டிலேயே இல்லை. 1884இல் விடுப்பில் போனவர் 1885இன் கடைசியில்தான் திரும்பினார்; இடையில் செசில் கிளமென்டி ஸ்மித் பொறுப்பு வகித்தார். அந்த ஊர் இப்போது கோல செப்பேத்தாங். தண்டவாளம் போய்விட்டது, ஸ்டேஷன் பலகை மட்டும் நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. மீன் சாப்பிடப் போகிறவர்கள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கரையோரன் எழுதியது

டீச்சருக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு விஷயம் மட்டும் இன்னும் நெருடுகிறது. பழங்குடி மனிதர் ஒருவரின் உயிருக்காக வெள்ளையர் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டவர், செபராங் பிறையில் ஓடிப்போன கூலியைச் சிறையில் தள்ளும் சட்டத்தை எப்படிப் பொறுத்துக்கொண்டார்?

பழைய கோப்பு எழுதிய மறுமொழி

தம்பி, இன்னொன்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பேராக்கில் கடனடிமை முறை 1883இன் கடைசி நாளோடு ஒழிக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் ரெசிடென்ட் ஹியூ லோ. மேலிருந்த கவர்னர் வெல்ட். கடனுக்காக ஒரு மலாய்க்காரர் இன்னொருவரின் வீட்டில் அடிமையாகக் கிடப்பது நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. கப்பல் கடனுக்காக ஒரு தமிழர் தோட்டத்தில் கட்டுண்டு கிடப்பது அவர்கள் கண்ணில் ஒப்பந்தம். காகிதம் இருந்தது, கைநாட்டு இருந்தது, நீதிபதி இருந்தார், ஆகவே அடிமைத்தனம் இல்லை என்பது அவர்களுடைய கணக்கு. பர்ஜஸ் சட்டத்தை மீறினான், அதனால் வெல்ட் சீறினார். தோட்ட முதலாளி சட்டத்தின்படியே நடந்தான். அந்தச் சட்டமே அநியாயமானது என்று பார்க்கும் பார்வை அவரிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வைகாட்டோ நிலப் பறிமுதலும் முறையான சட்டத்தின் பேரில்தானே நடந்தது?

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது

இதை நான் ஏற்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு: கைநாட்டு வைத்தவருக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்துக் காட்டியவர், பெரும்பாலும் அவரை அழைத்துவந்த தரகராகவே இருந்திருப்பார்.

கரையோரன் எழுதியது

அடுத்த நடையின் வரிசையை மாற்றிவிட்டேன். இதுவரை ஃபெரி முனையத்தில் தொடங்கி உள்ளே போனோம். இனி குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் தொடங்கி, சூலியா ஸ்திரீட் வழியாகப் பீச் ஸ்திரீட்டுக்கு வந்து, 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் குவேயை உண்டாக்குவதற்கு முன் கரை இதுதான் என்று காட்டிவிட்டு, கடைசியாக வெல்டின் பெயர்ப்பலகைக்கு வருவோம். அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டியதையும் எழுதி வைத்துக்கொண்டேன்: “நாம் இங்கே வந்து நெடுங்காலம் ஆன பிறகு வந்தவர் இவர். நம்மில் இன்னும் அதிகம் பேர் வர வேண்டும் என்று விரும்பினார். அதற்கு அவர் சொன்ன காரணத்தில் நம் பெயர் இருந்தது, நம் நலன் இல்லை.” டீச்சர் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கும். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.